அவள் சொல்லிக் கொடுத்த ஆசனம்

கழுத்து வலி எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர்கள் கேட்கும்போதெல்லாம் நான் முழித்திருக்கிறேன். கீழே விழவில்லை. வண்டியில் இடித்துக்கொள்ளவில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் எனக்கு முகம் எழுதும் வேலை. அச்சில் வார்த்து, காயவைத்து, சூளையில் ஒருமுறை சுட்டு வரும் பொம்மைக்குப் புருவம், கண், உதடு எழுதித் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் மெருகு பூசி மறுபடி சுடுவார்கள். முதல் சூட்டில் வந்த பொம்மை சாயத்தைப் பட்ட இடத்திலேயே உறிஞ்சிக்கொள்ளும். கோடு பிசகினால் பிசகியதுதான், துடைக்க முடியாது. அதனால் முகம் எழுதுகிறவள் குனிந்த தலை நிமிரமாட்டாள். வருஷக்கணக்காக அப்படிக் குனிந்ததில், ஏதோ ஒரு நாள் தலை தன் பழைய இடத்துக்குத் திரும்பி வர மறுத்துவிட்டது. அந்த நாள் எது என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் பின்மண்டையில் ஒரு பிடிப்பு. பிறகு அது தோள்பட்டைக்கு இறங்கியது. கடைவீதியில் ரோட்டைத் தாண்டும்போது தலையை மட்டும் திருப்பிப் பார்க்க முடியாமல் உடம்போடு திரும்பிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் சாமியார் ஆசீர்வாதம் கொடுக்கும்போது எல்லாரும் தலை குனிவார்கள், நான் குனியாமல் நின்றிருப்பேன். மொட்டைமாடிக் கொடியில் துணி போட அண்ணாந்தால் கண்ணில் நீர் வந்துவிடும். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் வண்டியில் நானே ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு பள்ளமும் கழுத்தில் குத்தியது.

கம்பெனியில் என் பக்கத்து மேசையில் முகம் எழுதியவளுக்கும் இதே வலி. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் பேச்செல்லாம் நீ, வா, போ என்று உரிமையாக இருக்கும். என் அம்மா இறந்தபோது சமையலறைக்குள் நுழைந்து, அடக்கம் முடிகிறவரை வெளியே வராமல் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தவள். அவளுடைய பெண்ணுக்குப் பெயர் தேடியதே நான்தான். ஒருத்தி சாப்பாட்டைத் திறந்தால் மற்றவள் கேட்காமல் எடுத்துச் சாப்பிடுவோம். வலியும் எங்களுக்குள் அப்படித்தான் பங்கு போடப்பட்டது. "இன்னைக்கு எப்பிடி இருக்குது?" என்றுதான் எங்கள் காலை ஆரம்பிக்கும்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள்.

"அக்கா, நீ அந்த பிசியோகாரம்மா கிட்ட போறேன்னு சொன்ன இல்ல, போ. நான் சிவன் கோயில் பக்கத்து மண்டபத்துல யோகா சொல்லித் தராங்களாம், அதுக்குப் போறேன். எது கேக்குதுன்னு பாப்போம். கேக்கறத ரெண்டு பேரும் புடிச்சிக்கலாம்."

"ரெண்டும் கேக்கலன்னா?"

"ரெண்டு பேரும் சேந்து கழுத்த மாத்திக்கலாம். அப்பயாவது வித்தியாசமா வலிக்கும்."

அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் சாயக் கிண்ணம் கவிழப் பார்த்தது. வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், "ரெண்டு பேரும் கழுத்துக்குப் பரீட்சை எழுதப் போறீங்களா?" என்று கேட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. வலியை இன்னொருத்தியோடு சேர்ந்து எதிர்க்கப் போகிறோம் என்பதே பாதி மருந்தாக இருந்தது.

பிசியோதெரபி செய்கிற பெண் திட்டக்குடியிலிருந்து பஸ்ஸில் வருபவர். ஜங்ஷன் பக்கத்தில் ஒரு மாடி அறையில் சின்னதாகக் கிளினிக் வைத்திருந்தார். போனால் கழுத்தில் கரண்ட் வைப்பார்கள், சூடு கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் என்னைப் படுக்கவைத்து, "ஆமாம்னு தலையாட்டுவீங்க இல்லக்கா, அதுல பாதி மட்டும் ஆட்டுங்க. தாடையை உள்ள இழுங்க. அப்பிடியே நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். "விடுங்க. திரும்ப." அவ்வளவுதான் முதல் நாள் சிகிச்சை. எழுந்து வரும்போது ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றியது. தொண்டைக்குப் பின்னால் ஆழத்தில் சில தசைகள் இருக்கின்றன, அவை வேலை செய்வதை மறந்துவிட்டன, மேலே இருக்கிற தசைகள் அவற்றின் வேலையையும் சேர்த்து இழுத்து இழுத்து நொந்துபோயிருக்கின்றன என்று அவர் விளக்கினார். மறந்ததை நினைவுபடுத்த நாளாகும் என்றார்.

பிறகு தோள்பட்டை எலும்புகளை முதுகுப் பக்கமாகச் சேர்ப்பது வந்தது. அதற்கும் பிறகு, ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுப்பது. எதிலும் வித்தை இல்லை. பார்க்கிறவர்களுக்கு நான் எதுவுமே செய்யாத மாதிரி இருக்கும். அடுப்பில் சோறு வேகும் நேரத்தில் சமையலறைத் தரையில் படுத்துக்கொண்டு பாதி ஆமாம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை மதியங்களில் நாங்கள் ஒப்பிட்டுப் பார்ப்போம். அதற்கு அவளே ஒரு முறை வைத்திருந்தாள். வாசலைப் பார்த்து ஸ்டூலில் உட்கார வேண்டும். உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் இடதுபுறமாகத் திருப்ப வேண்டும். பின்பக்கத்தில் எது தெரிகிறது என்று சொல்ல வேண்டும். எனக்கு முதலில் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரோடு நின்றுவிட்டது. சில வாரங்கள் போனபின் அதற்குப் பக்கத்து ஜன்னல் தெரிந்தது. ஜன்னல் தெரிந்த அன்று வீட்டுக்குப் போகிற வழியில் பூ வாங்கிக்கொண்டு போனேன்.

அவளுக்கோ ஆரம்பத்திலேயே ஜன்னல் தெரிந்தது. பிறகு சூளைக் கதவு. பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் அடுக்கியிருக்கும் அச்சுகள். "யோகா தான்க்கா. உடம்பே ரப்பர் மாதிரி ஆவுது" என்றாள். அவள் கழுத்து திரும்புவதை நான் கண்ணால் பார்த்தேன். வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

எனக்கு மனம் தளர ஆரம்பித்தது அங்கேதான். என் வலி குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனால் பக்கத்தில் ஒருத்தி ஓடும்போது, நடக்கிறவளுக்குத் தான் நிற்பதாகத்தான் தோன்றும். பிசியோ பெண்ணிடம் கேட்டேன், ஏன் எனக்கு மட்டும் இவ்வளவு மெதுவாக என்று. "நல்லாதான்க்கா போயிட்டு இருக்குது. விட்டுடாதீங்க" என்றார். விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்த்த குரல் அது. என் காதில் அப்போது அது விழவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளிடம், "நானும் யோகாவுக்கே வந்துடறேன்" என்றேன்.

அவள் முகத்தில் என்ன ஓடியது என்று இப்போது எத்தனையோ முறை நினைத்துப் பார்க்கிறேன். அப்போது நான் கவனித்தது, அவள் கையிலிருந்த தூரிகையை வேண்டியதைவிட அதிக நேரம் கழுவினாள் என்பது மட்டும்.

"சாயங்காலம் கிளாஸுக்கா. உன் வூட்டுல மாமியாருக்குச் சாப்பாடு போட ஆள் யாரு? நீ வர முடியாது" என்றாள். பிறகு அவளே, "நான் சொல்லித் தரேன். அங்க சொல்லித் தரதத்தான நானும் செய்யறேன். மத்தியானத்துல இங்கயே பண்ணு" என்றாள்.

எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. மதிய உணவை அவசரமாக முடித்துவிட்டு, அச்சு காயவைக்கும் அறையில் கோணிச்சாக்கைப் போட்டு அவள் சொல்லிக் கொடுத்தாள். பாம்பு மாதிரி நெஞ்சைத் தூக்குவது, பூனை மாதிரி முதுகை வளைப்பது. அவை இதமாகவே இருந்தன. பிசியோவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ரப்பர் பட்டை ஜன்னலிலேயே தொங்கியது. மாமியார் அதில் சமையலறைத் துணியைக் காயப்போட்டார்.

சில நாள் கழித்து, "இதெல்லாம் சும்மாக்கா. எனக்குக் கழுத்துப் பிடிப்ப எடுத்து வுட்டது வேற ஒண்ணு" என்றாள். சர்வாங்காசனம். மல்லாந்து படுத்து, இடுப்பைக் கைகளால் தாங்கி, இரண்டு கால்களையும் நேராக மேலே தூக்க வேண்டும். உடம்பின் பாரம் முழுவதும் தோளிலும் பிடரியிலும் நிற்கும். தாடை நெஞ்சில் முட்டும்.

"கழுத்து நொறுங்கிப் போவாதா?"

"மொதல்ல அப்பிடித்தான் இருக்கும். பொறுத்துக்கோ. அதுலதான் பிடிப்பு வுடும்னு மாஸ்டர் சொன்னாரு."

"நீ செஞ்சு காட்டு."

"இன்னைக்கு முடியாதுக்கா, தலைக்கு ஊத்துற நாளு" என்றாள். மாதவிலக்கு என்று புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகும் அவள் செய்துகாட்டியதே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. வீட்டில், சுவரில் கால்களைச் சாய்த்துக்கொண்டு செய்தேன். பிடரியில் சுருக்கென்றது. பொறுத்துக்கொண்டேன். பொறுத்தால் பிடிப்பு விடும் என்று அவள் சொல்லியிருந்தாள். தினமும் செய்தேன்.

பிடிப்பு விடவில்லை. வலி தோளைத் தாண்டி வலது கைக்குள் இறங்கியது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் மரத்துப்போயின. காப்பி டம்ளரைப் பிடித்தால் பிடித்திருக்கிறேனா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவளிடம் சொன்னேன். "வலி எறங்கறப்ப அப்பிடித்தான்க்கா, உள்ள இருக்கறதெல்லாம் வெளிய வருது" என்றாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு நீவிவிட்டாள். அந்த நீவலை என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஒரு காலை, குழந்தை கிருஷ்ணன் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தேன். விரல்களுக்கு நடுவே தூரிகை இருக்கிறது என்ற உணர்ச்சியே சட்டென்று போய்விட்டது. கருப்புச் சாயம் இமையிலிருந்து கன்னம் வரை இழுத்துக்கொண்டு போனது. பொம்மை அதை உடனே குடித்துவிட்டது. இரண்டாவது பொம்மையிலும் அப்படியே ஆயிற்று. ஓனர் வந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"நீங்க பேக்கிங் பக்கம் போயிடுங்கம்மா" என்றார்.

"கொஞ்ச நாள்ல சரியாயிடுங்க."

"ரெண்டு மாசமா இதத்தானம்மா பாக்கறேன். ரெண்டு பேருமே கழுத்து கழுத்துன்னா முகம் எப்பிடி முடியும்? யாருக்குக் கழுத்து சரியா இருக்குதோ அவங்க எழுதட்டும், இன்னொருத்தர் பேக்கிங் பாக்கட்டும், ரெண்டு பேரும் கலந்து சொல்லுங்கன்னு அன்னைக்கே அந்தம்மா கிட்ட சொல்லி வுட்டேனே. சொல்லலையா?"

நான் பக்கத்து மேசையைப் பார்த்தேன். அவள் தலை நிமிராமல் ஒரு புருவத்தை எழுதிக்கொண்டிருந்தாள். மிக அழகான புருவம்.

மறந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பாள். அன்று முழுக்கப் பொம்மைகளை வைக்கோலில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டே அவளுக்காக நானே காரணங்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். நானே எழுதிய முகங்களும் சில அவற்றில் இருந்தன.

மறுநாள் பிசியோ பெண்ணிடம் போனேன். என் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். "நடுவுல என்னக்கா பண்ணீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"யோகா நல்லதுதான்க்கா. கழுத்து வலிக்கு எத்தனையோ பேருக்குக் கேக்குது. ஆனா இவ்ளோ மோசமான கழுத்துக்காரங்கள தோள்ல நிக்கச் சொல்லி எந்த யோகா மாஸ்டரும் சொல்லமாட்டாங்களே. நீங்க போயி அவரயே கேளுங்க."

அன்று மாலையே மண்டபத்துக்குப் போனேன். பழமலைநாதர் கோயிலுக்குப் போகிற தெருவில் இருக்கிறது அது. யோகா மாஸ்டர் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பாய்களைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். நான் கழுத்தைப் பற்றியும், சர்வாங்காசனத்தைப் பற்றியும் சொன்னதும் கையிலிருந்த பாயைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரும்மா உங்களுக்கு இதச் சொன்னது? கழுத்து வலின்னு வரவங்களுக்கு நான் அத சொல்லித் தரதே இல்ல. தோளுக்கடியில பெட்ஷீட்ட மடிச்சி வச்சி மெதுவா ஆரம்பிக்கற விஷயம் அது. அதுவும் உங்கள மாதிரி ஆளுங்களுக்கு இல்ல."

அவள் பெயரைச் சொன்னேன். எந்தக் கம்பெனி, எப்படி இருப்பாள் என்று அடையாளமும் சொன்னேன். அவர் யோசித்தார்.

"ஆமாம், வந்தாங்க. ஆரம்பத்துல கொஞ்ச நாள். பின்னால நின்னுட்டாங்க. மாசக்கணக்கா ஆவுதே."

மண்டப வாசலில் செருப்பு மாட்டும்போது என் கால் செருப்புக்குள் நுழையவில்லை. நுழையவில்லை என்பதை நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குக் கோபம் அப்போது வரவில்லை. வந்தது ஒரு வெட்கம். நடுத்தெருவில் புடவை அவிழ்ந்துவிட்டதைப் போல. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, "காலண்டர் தெரியுது", "ஜன்னல் தெரியுது" என்று நான் சந்தோஷமாகக் கூவியதெல்லாம் காதில் கேட்டது.

மறுநாள் வேலை முடிந்ததும் அவளை அச்சு காயவைக்கும் அறைக்குக் கூப்பிட்டேன். கோணிச்சாக்கு மூலையில் மடித்துக் கிடந்தது.

"மண்டபத்துக்குப் போயிருந்தேன்" என்றேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் மறுப்பாள், சண்டை போடுவாள் என்று நினைத்து வந்திருந்தேன். அதற்கெல்லாம் தயாராக வார்த்தைகள் வைத்திருந்தேன். அவள் சாப்பாட்டுப் பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்தாள். முக்கால்வாசி காலியாக இருந்தது.

"இதப் போட்டுத்தான்க்கா திரும்புனேன். சனிக்கெழம காலையில ஊசியும் போட்டுக்குவேன். எனக்குக் கழுத்து ஒருநாளும் சரியாவல."

"எதுக்கு?"

"ஓனர் அப்பிடிச் சொன்னாரு இல்ல. யாருக்குச் சரியா இருக்குதோ அவங்கன்னு. நீ அன்னைக்கு லீவு. நான் வாயத் தொறந்து எனக்குச் சரியாயிட்டு வருதுன்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம் உங்கிட்டயும் அதத்தான சொல்லணும்?"

"எங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? எங்கிட்ட உண்மையச் சொல்லியிருந்தா என்னடி?"

அவள் நகக்கண்ணில் ஒட்டியிருந்த காய்ந்த களிமண்ணைச் சுரண்டினாள்.

"நீ வாராவாரம் நல்லாயிக்கிட்டே வந்த. மொதல்ல காலண்டரு, அப்புறம் ஜன்னலு. எனக்குப் பயமா இருந்துது. உனக்கு நெசமாவே சரியாயிட்டா, என் பொய்யி எத்தினி நாளைக்கு ஓடும்? முகம் எழுதறது போச்சுன்னா எனக்கு வேற என்னக்கா இருக்குது? அங்க உக்காந்தாதான் நான் மனுஷி. வூட்டுல நான் யாரு?"

அவள் வீட்டில் அவள் பேச்சை யாரும் மதிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அதை அவள் சொல்லிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அந்த நொடியில்கூட என் மனம் அவள் பக்கம் ஒரு அடி போனது. அதனால்தான் அடுத்த கேள்வியைக் கேட்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

"அந்த ஆசனம். அத ஏன் சொன்ன?"

அவள் இன்னொரு நகத்தைச் சுரண்டினாள்.

"என் கழுத்து கெட்டுப் போவணும்னே சொன்னியா? இல்ல வாய்க்கு வந்ததச் சொன்னியா? அத மட்டும் சொல்லு."

வெளியே யாரோ சூளையின் இரும்புக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அவள் மாத்திரை அட்டையை எடுத்துப் பைக்குள் போட்டாள். எழுந்தாள். "நான் உன்ன செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தலயேக்கா" என்று மட்டும் சொன்னாள். அவள் போய் நெடுநேரம் நான் அங்கேயே இருந்தேன். 'இல்லை' என்ற ஒரு சொல்லை அவள் சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். அவளுக்குத்தான் பொய் சொல்ல வருமே.

பிசியோ பெண்ணிடம் மறுபடி முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தேன். கை மரத்துப்போனது தெளியும்வரை ரப்பர் பட்டை கிடையாது. பாதி ஆமாம் மட்டும். ஒருநாள் தாங்காமல் கேட்டேன்.

"உண்மையச் சொல்லுங்க மேடம். எதுதான் நல்லது? நீங்க சொல்லித் தரதா, யோகாவா, வேற ஏதாவதா?"

அவர் தன்னுடையதுதான் நல்லது என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார்.

"எதச் செஞ்சாலும் கொஞ்சம் கேக்கும்க்கா. கழுத்துக்குன்னு தனியா செய்யறது, யோகா, எடை தூக்கறது, பட்டைய இழுக்கறது எல்லாந்தான். வெறும் நடைகூட சில பேருக்குக் கேக்குது. ஒண்ணவிட ஒண்ணு பெருசா ஒசத்தின்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அவங்கவங்களுக்குப் பொருந்துனத, சரியா கத்துக்கிட்டு, வுடாம செய்யறதுதான் விஷயம். விட்டா திரும்ப வந்துடும்."

இதைக் கேட்டு ஆறுதல் அடைந்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அப்படியென்றால் அவள் மண்டபத்துக்கு ஒழுங்காகப் போயிருந்தாலே போதும். அவளுக்கும் மெதுவாக ஜன்னல் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வழியில் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்போம். அப்படி வந்திருந்தால் ஓனரிடம் போய், பாதி நாள் நீ, பாதி நாள் நான் என்று கேட்டிருப்போம். அவர் சம்மதித்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட எதையும் எடுத்துக்கொண்டிருக்கத் தேவையே இல்லை.

பேக்கிங் அறையிலிருந்து முகம் எழுதும் மேசைகள் தெரியும். அவள் அங்கே எழுதுவாள், நான் இங்கே வைக்கோல் சுற்றுவேன். வணக்கம்கூடச் சொல்லிக்கொள்வதில்லை. மற்றவர்கள் கேட்டார்கள், என்ன சண்டை என்று. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் வேலை போய்விடும் என்ற இரக்கத்தால் இல்லை. இவ்வளவு முட்டாளாக இருந்தேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

மாத்திரைகள் அவள் வயிற்றைப் புண்ணாக்கின. ஒரு காலை மேசையிலேயே சுருண்டுவிட்டாள். வாந்தியில் கருப்பாக ரத்தம் இருந்தது. என் வீட்டுக்காரர் ஆட்டோவில்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் பின்னால் அவள் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தேன். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் அவள் கழுத்து என் கைக்குள் விறைத்தது. எவ்வளவு வலியோடு அவள் அந்த ஸ்டூலில் திரும்பிக் காட்டியிருக்கிறாள் என்று அப்போதுதான் என் கைக்குத் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டும் எனக்கு அவள்மேல் பழைய பாசம் திரும்பவில்லை. அவள் வலியும் என் கசப்பும் ஒரே கையில் இருந்தன.

அவள் வீட்டில் கிடந்த நாட்களில் ஓனர் திட்டக்குடிக்குப் பக்கத்து மங்களூரிலிருந்து வேறொரு பெண்ணை முகம் எழுத வைத்துக்கொண்டார். நன்றாக எழுதுகிறாள். ஆக, அந்த வேலை எங்கள் இருவருக்கும் முழுதாகத் திரும்பவில்லை. என் விரல்களுக்கு உணர்ச்சி வந்தபின், வேலை கூடும் நாட்களில் எனக்கும் ஒரு தட்டு பொம்மைகள் வரும். பிசியோ பெண் சொன்னபடி, பொம்மையை ஒரு பழைய அச்சின்மேல் தூக்கிவைத்து, கண்ணுக்கு நேராக வைத்து எழுதுகிறேன். வலி போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அது எங்கள் வீட்டில் தங்கிவிட்ட தூரத்து உறவினர் மாதிரி ஒரு மூலையில் இருக்கிறது. மாதா கோயிலில் தலை குனிய முடிகிறது.

அவள் திரும்பி வந்தபோது அவளையும் பேக்கிங்கில்தான் போட்டார்கள். எதிரெதிரே உட்கார்ந்து வைக்கோல் சுற்றினோம். முதல் வாரம் பேச்சில்லை. பிறகு ஒருநாள் மதியம் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"டாக்டரு இனிமே மாத்திரையே தொடக் கூடாதுன்னுட்டாருக்கா. வலி தாங்கல. நீ செய்யறியே, அத எனக்குச் சொல்லித் தரியா?"

உன் மாஸ்டரைப் போய்க் கேள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. பிசியோ பெண்ணிடமே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த மாடி அறையில் அவள் மல்லாந்து படுத்து, தாடையை உள்ளே இழுத்து, பாதி ஆமாம் சொல்வதை ஓரமாக நின்று பார்த்தேன். கழுத்து நடுங்கியது. அவள் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. வலியா, வேறு ஏதாவதா, நான் கேட்கவில்லை.

இப்போது மதியங்களில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் படுத்துச் செய்கிறோம். விடாமல்தான் செய்கிறாள். சாப்பாட்டை முன்போலப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. தண்ணீர் கேட்டால் எடுத்துக் கொடுப்போம்.

போன வாரம் அவளாகவே, "இப்ப கொஞ்சம் பரவாயில்லக்கா. நல்லா திரும்புது" என்றாள். திரும்பியும் காட்டினாள்.

வலியைத் தராசில் நிறுக்க முடியாது. எக்ஸ்ரேயிலும் தெரியாது. அவரவர் சொன்னால்தான் உண்டு. அவள் கண்களைப் பார்த்தேன். உண்மையாகவே சொல்கிறாள் போலத்தான் இருந்தது. அந்தச் சனிக்கிழமைகளிலும் அப்படித்தான் இருந்தது.

"அப்பிடியா, நல்லது" என்று சொல்லிவிட்டு, அடுத்த பொம்மையை எடுத்து வைக்கோலில் சுற்றினேன்.